புயலுக்கு மூன்றாம் நாள்

ஆகஸ்ட் 5, திங்கள்

பள்ளி மருத்துவக் குழு வந்தது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு எடை மெஷின். பள்ளிக்கூடமும் என் அங்கன்வாடியும் ஒரே காம்பவுண்டில் இருப்பதால் ஆள் பற்றாத போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். முட்டையைப் பாதி வேக்காட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

டாக்டருக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். காது பார்க்கிற கருவி கையில் இல்லையாம். என்னிடம் ஒரு சாப்பாட்டுத் தட்டும் கரண்டியும் கேட்டு வாங்கினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்து, பின்னால் நின்று ஓங்கி ஒரு தட்டு தட்டினார். எல்லாத் தலையும் திரும்பியது. கனிஷ்காவின் தலையும் திரும்பியது, ஆனால் கடைசியாக. எனக்கு அது ஒன்றுமாகத் தெரியவில்லை. டாக்டர் மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அவளை மட்டும் உட்கார வைத்து மறுபடி தட்டினார். பன்னிரண்டு தடவை, நான் எண்ணினேன். ஜன்னலில் இருந்த காக்கா பறந்துபோனது. அவள் சுவரில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றரை வருஷம் என் சென்டரில் இருந்த பிள்ளை. உப்பளத்துக்குப் போகும் வேம்புவின் மகள். அடம் கிடையாது, கத்தல் கிடையாது. கனிஷ்காவைப் பாருங்கள், எவ்வளவு சமர்த்து என்று மற்ற வாண்டுகளிடம் சொல்லிச் சொல்லி அடக்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முட்டை நாற்பத்திரண்டு வந்தது, மூன்று உடைசல். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

விஷயத்தைச் சொல்ல அளத்துக்கே போனேன். வேம்பு பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். புருஷன் கேரளாவில் போட் வேலைக்குப் போய் மூன்று மாதமாகிறது. பிள்ளை வரப்பில் குந்தியிருந்தது. நான் சொல்லி முடித்ததும் வேம்பு சிரித்தாள்.

"காது கேக்காதா? கூப்புட்டா வந்து நிப்பாளே டீச்சர்."

கூப்பிட்டுக் காட்டு என்றேன். வேம்பு வாயைத் திறக்கவில்லை. வலது காலால் வரப்பில் ஓங்கி மிதித்தாள். பத்தடி தள்ளி இருந்த கனிஷ்கா திரும்பிப் பார்த்து ஓடி வந்தாள்.

வேம்பு தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்: அவள் அப்பனும் நாலு வயதுக்குத்தான் பேசினானாம், அதனால் மாமியார் பொறுத்திருக்கச் சொன்னாளாம், நாக்கில் தேன் தடவினார்களாம், வசம்பு உரசி வைத்தார்களாம், கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டுதல்கூட இருக்கிறதாம்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் பழசு நினைவுக்கு வந்தது. மத்தியானம் ஆயா சாம்பார் சாதப் பானையைக் கொண்டுவந்து வைத்ததும் முதலில் எழுந்திருப்பது இவள்தான். சாப்பாட்டு ராமி என்று கேலி செய்திருக்கிறேன். பானை வைத்தால் தரை அதிரும். இவள் காலால் கேட்டிருக்கிறாள். பாட்டுக்கு எல்லாரோடும் கை ஆட்டுவாள், சரியாக ஆட்டுவாள். இருபது பிள்ளைகளையும் ஒரு டீச்சரையும் கண்ணாலேயே படித்து, தனக்குக் கேட்கவில்லை என்று யாருக்கும் தெரியாமல் வைத்திருந்திருக்கிறாள். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. இவ்வளவு குருட்டு டீச்சரையும்தான்.

ஆகஸ்ட் 21, புதன்

தஞ்சாவூர். மூன்று பஸ் மாறி, ஐந்து மணி நேரம். வேம்புவுக்கு ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் என்ன கேட்பது என்று தெரியாது என்பதால் லீவு போட்டுக் கூடப் போனேன்.

பிள்ளையைத் தூங்க வைத்துத் தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். தூங்கும்போதும் காது கேட்டுக்கொண்டுதான் இருக்குமாம், மூளை அதற்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்குமாம். இவள் கோடு நேராகப் போனது. இரண்டு காதும்.

காது டாக்டர் ஒரு பொம்மைக் காதைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கடைசியில் நத்தைக்கூடு மாதிரி ஒன்று சுருண்டிருக்கிறது. பட்டாணி அளவுதானாம். இடியும் அதற்குள்தான் போகிறது, கொசு பாடுவதும் அதற்குள்தான் போகிறது. நாற்பத்தாறு வருஷமாக இரண்டை நான் தலையில் வைத்துக்கொண்டு திரிகிறேன், ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த நத்தைக்குள் மெல்லிய ஒயரை விட்டு, தோலுக்கு அடியில் ஒரு மெஷினை வைப்பார்களாம். காதுக்குப் பின்னால் மாட்டுகிற இன்னொரு மெஷின் சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்புமாம். நடுவில் ஓட்டை கிடையாது, கம்பி கிடையாது, தோல் வழியாகவே போகும். டாக்டர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வெளியே காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு சிறுமி. பெயர் மிதுனா. அதே மெஷின் அவள் காதுக்குப் பின்னால் இருந்தது. "ஆன்ட்டி, உங்க ஊர்ல கடல் இருக்கா?" என்று கேட்டாள். தெளிவான பேச்சு. அவள் அம்மாவிடம் விசாரித்தேன். பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், இரண்டாம் நாளே மெஷின் வைத்துக் காதைச் சோதித்தார்களாம், ஒரு வயதுக்குள் ஆபரேஷன். பிறந்தது 2018 டிசம்பர். நம் பிள்ளையைவிட ஒரு மாதம் இளையவள். ஒன்றுக்கு இரண்டாம் நாளில் தெரிந்தது, இன்னொன்றுக்கு ஐந்து வருஷம் கழித்துத் தட்டும் கரண்டியும் வந்து சொல்ல வேண்டியிருந்தது. வேம்பு அந்தப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஆதாரை வாங்கிப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. இலவசத் திட்டத்தில் ஆறு வயது முடிவதற்குள் ஆபரேஷன் ஆக வேண்டும். ஆதாரில் 18.11.2017. ஆறு முடிந்து ஒன்பது மாதம் ஆகிவிட்டது. வெளியில் செய்துகொள்வதென்றால் வேம்பு பரம்பரையே உப்பு வாரினாலும் நடக்காது.

"புயலுக்கு மூணாம் நாள் பொறந்தவ சார்," என்றாள் வேம்பு. "கஜா புயலு. எனக்குத் தெரியாதா?"

அப்படியானால் பிறந்தது 2018, நவம்பர் 18 வரை நேரம் இருக்கிறது, ஆனால் எனக்குக் காகிதம் வேண்டும் என்றார் டாக்டர். புயல் முகாமில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க யாருக்கும் அன்று புத்தி ஓடவில்லை. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எடை போடும் நாள். பிள்ளைகளின் எடையை செல்லில் ஏற்றுவதற்குள் சிக்னல் போய்விட்டது. வேம்பு வந்து, பிள்ளையை என் சென்டரில் சேர்த்தபோது தேதி எழுதிய பழைய பதிவேட்டைக் கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வேம்பு மறுபடி வந்தாள். பிறந்த தேதியைத் திருத்தக் கேட்டுப் போன ஆர்.டி.ஓ. ஆபீஸில், முதலில் தேதி எங்கே எழுதப்பட்டது, யார் எழுதினார்கள் என்று கேட்கிறார்களாம். பதிவேடு கிடைக்கவில்லை, கரையான் பிடித்திருக்கும் என்றேன்.

என் பிறந்த தேதி ஜூன் ஒன்று. என் தம்பிக்கும் ஜூன் ஒன்று. எங்கள் வாத்தியார் பள்ளியில் சேர்க்கும்போது போட்டது. இந்த ஊரில் நாற்பது தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான். அதனால் யாரும் செத்துப்போகவில்லை. தேதி என்பது அப்படித்தான் எழுதப்படுகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்து, மேலே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தேன். தலைவலியா என்று ஆயா சைகையில் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அரை மணிகூடத் தாங்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு பிள்ளை விழுந்து அழுதிருக்கிறது, எனக்குத் தெரியாது. ஆயா வந்து தோளைத் தொட்டதும் நெஞ்சு நின்றுவிடும் போலிருந்தது. பின்னால் இருக்கிற உலகமே இல்லாமல் போய்விடுகிறது, எப்போது வேண்டுமானாலும் ஒரு கை வந்து தொடுகிறது. அதிலேயும் எனக்குக் கொஞ்சம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை. அந்தப் பிள்ளை இதற்குள் இருந்துகொண்டு தினமும் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது.

பஞ்சை எடுத்ததும் முதலில் கேட்டது பக்கத்துப் பள்ளியின் வாய்ப்பாடு. அப்புறம் அடுப்பில் தண்ணீர் கொதிப்பது. அப்புறம் வேப்பமரம். மரத்துக்குச் சத்தம் உண்டு என்பது இவ்வளவு நாள் எனக்குத் தெரிந்திருந்ததா என்று சந்தேகமாக இருந்தது.

செப்டம்பர் 4, புதன்

பதிவேட்டுக்குக் கரையான் பிடிக்கவில்லை. பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. முதல் நாளே எடுத்துப் பார்த்துவிட்டேன். எழுதியது நான்தான்.

2021 ஜனவரி. கொரோனாவுக்கு அப்புறம் பாதிக் குடும்பம் திருப்பூர் போய்விட்டது. மூன்று வயது முடிந்த பிள்ளைகள் பத்துப் பேராவது இல்லாவிட்டால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உள்ள சென்டரோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. என்னிடம் ஒன்பது பேர். வேம்பு இடுப்பில் கனிஷ்காவோடு வந்து, அளத்துக்குப் போகணும் டீச்சர், பார்த்துக்கங்க என்றாள். பிள்ளைக்கு இரண்டு வயது இரண்டு மாதம். என்றைக்குப் பிறந்தாள் என்று கேட்டேன், புயலுக்கு மூன்றாம் நாள் என்றாள். நாளும் மாதமும் சரியாக எழுதினேன். வருஷத்தில் எட்டுக்குப் பதிலாக ஏழு போட்டேன். பத்துப் பேர் ஆனார்கள். பிற்பாடு ஆதார் முகாம் வந்தபோது என் சான்றிதழை வைத்துத்தான் தேதி பதிந்தார்கள். பள்ளியிலும் ஒரு வருஷம் முன்னாடியே சேர்ந்தாள்.

பிள்ளைகள் வாய்க்காலைத் தாண்டிப் போகக்கூடாது என்றுதான் செய்தேன் என்று எழுத வந்தேன். பாதி உண்மை. என் வேலையும் அதில் இருந்தது.

செப்டம்பர் 6, வெள்ளி

மேற்பார்வையாளர் ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார். எழுத்தில் எதுவும் கொடுக்காதே என்றார். மூன்றரை வருஷத்துப் பொய்க்கணக்கு என்று ஆகும், விசாரணை வரும், எல்லா சென்டரையும் கிண்டுவார்கள். பத்தொன்பது வருஷ சர்வீஸ், யோசித்துச் செய் என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். நானும் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

யோசித்துப் பார்த்ததில் நாட்காட்டிதான் பதில் சொன்னது. நவம்பர் 18க்கு எழுபது நாள்.

ஆபீஸுக்குப் போவதற்கு முன்னால் வேம்புவிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. அளத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். வெயில், உப்பு வெளிச்சம், கண்ணைத் திறக்க முடியவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன். வாரிக்கொண்டிருந்த பலகையை நிறுத்தினாள்.

"புயல்ல கூரை போச்சு, சட்டி பானை போச்சு. அவ பொறந்த நாளு ஒண்ணுதான் டீச்சர் எங்கிட்ட இருந்துச்சு. அதயும் நீங்க மாத்திப்புட்டீங்க."

திட்டினால்கூடத் தேவலை என்று நின்றேன். அவள் மறுபடி வாரத் தொடங்கினாள். ஒரு பாத்தி முழுக்க வாரி முடித்தாள். நான் கிளம்பத் திரும்பியபோதுதான் கேட்டாள்.

"நாளைக்கி எத்தன மணி பஸ்ஸு?"

செப்டம்பர் 10, செவ்வாய்

ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிவேட்டையும் கொடுத்தேன். 'நான் தெரிந்தே தவறாக எழுதினேன்' என்ற வரியை எழுதும்போது கையெழுத்து கோணிவிட்டது. குழந்தைக்கு வயது பார்க்க எலும்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். புயல் முகாமில் பிரசவம் பார்த்த நர்ஸம்மாவைத் தேடிப் பிடித்துச் சாட்சி வாங்க வேண்டும். வேம்பு என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நர்ஸம்மாவைத் திருத்துறைப்பூண்டியில் கண்டுபிடித்தோம். ரிட்டயர் ஆகிவிட்டார். வேம்புவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். பள்ளிக்கூட பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டு, செல்போன் வெளிச்சத்தில் பார்த்த பிரசவமாம். கூரை ஓடு பறந்த அறை, கரண்ட் இல்லை, ஆம்புலன்ஸ் வரப் பாதை இல்லை, வழியெல்லாம் மரம். கத்தியதா பிள்ளை என்று கேட்டேன். ஊரே எழுந்திரிக்கிற மாதிரி கத்தியது என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஆர்.டி.ஓ. உத்தரவு வந்தது. பிறந்த தேதி 18.11.2018.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. மெமோ. விசாரணை முடியும்வரை சென்டருக்கு வர வேண்டாம். சாவியை ஆயாவிடம் கொடுத்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

ஸ்கேன், தடுப்பூசி, ஆபரேஷனுக்கு அனுமதி தரும் குழு முன்னால் ஆஜர். இந்த மாதத்தில் ஆறாவது முறை தஞ்சாவூர். மிதுனாவின் அம்மாவை மறுபடி பார்த்தோம். வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிஷமாம். நாங்கள் விடியற்காலை கிளம்பினோம் என்றதும் அவர் கனிஷ்காவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்.

இன்று பஸ்ஸில் வேம்பு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு இடம் இருந்தது.

நவம்பர் 14, வியாழன்

காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கனிஷ்காவுக்கு என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிப் புரிய வைக்க எங்களிடம் ஒரு வார்த்தையும் கிடையாது. வேம்பு தன் காதைத் தொட்டு, அவள் காதைத் தொட்டாள். அவ்வளவுதான். ஸ்டிரெச்சரில் போகும்போது பிள்ளை எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனது.

மூன்றரை மணி நேரம். டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார்.

"ஒயரை வெச்சதும் உள்ள இருந்தே ஒரு சின்ன சத்தம் அனுப்பிப் பார்த்தோம். நரம்பு பதில் சொல்லிருச்சும்மா."

வேம்பு அவர் காலில் விழப்போனாள், அவர் தடுத்துவிட்டார். ஆறு வருஷமாக யாரும் பேசாத ஒரு நரம்பு. மயக்கத்தில் கிடக்கும்போது ஒரு குரல் கொடுத்தார்கள், உடனே இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறது. மனித உடம்பை நினைத்தால் பயமும் வருகிறது, கும்பிடவும் தோன்றுகிறது.

நவம்பர் 18, திங்கள்

கனிஷ்காவுக்கு இன்று ஆறு முடிந்தது. தலையில் கட்டோடு உட்கார்ந்து பன் சாப்பிட்டாள்.

டிசம்பர் 9, திங்கள்

மெஷினை ஆன் செய்யும் நாள். எனக்குத்தான் வேலை இல்லையே, கூடப் போனேன். மழை விட்டிருந்தது.

சின்ன அறை. ஷிபானா என்ற பெண்தான் பார்த்தாள், காது சோதிப்பதும் பேச்சுப் பயிற்சியும் அவள் பொறுப்பு. கனிஷ்காவின் காதுக்குப் பின்னால் மெஷினை மாட்டி, காந்தத்தைத் தலையில் ஒட்ட வைத்து, லேப்டாப்பில் ஏதோ அழுத்திக்கொண்டே இருந்தாள். பிள்ளை தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. கனிஷ்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். தரையைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு இதுவரை எல்லாச் செய்தியும் தரை வழியாகத்தானே வந்திருக்கிறது. தரையில் ஒன்றும் இல்லை என்றதும் மேலே பார்த்தாள்.

இப்போது அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்றாள் ஷிபானா. வேம்பு வாயைத் திறந்தாள், மூடினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"நா இவளப் பேர் சொல்லிக் கூப்புட்டதே இல்லீங்க."

பரவாயில்லை, இப்போது கூப்பிடுங்கள் என்றாள் ஷிபானா. வேம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழக்கமில்லாத யாரையோ கூப்பிடுவது போல, "கனிஷ்கா" என்றாள்.

பிள்ளை மிரண்டுபோய் வீறிட்டு அழுதது. வேம்பு பதறி எழுந்தாள். ஷிபானா கையைக் காட்டி நிறுத்தினாள், பொறுங்கள் என்று. அழுகை பாதியில் நின்றுவிட்டது. கனிஷ்கா வாயைத் திறந்தபடியே இருந்தாள், மூச்சு விடவில்லை. அவள் மெல்ல, மிக மெல்ல, "ஆ" என்றாள். கையைத் தொண்டையில் வைத்தாள். மறுபடி, "ஆ." சுற்றிலும் பார்த்தாள், யார் அது என்று தேடுவது போல. பிறகு தேடுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஒரு உயிர் தன் குரலைக் கண்டுபிடிக்கிறதை நான் பார்த்ததில்லை, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் மற்ற எல்லாரும் அதைத் தொட்டிலிலேயே செய்துவிடுகிறார்கள். அவளுக்கு ஆறு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. அதையும் பறிக்கப் பார்த்தது என் பேனா.

இனி வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு வர வேண்டும். மூன்று பஸ். பேச்சு வர வருஷக்கணக்கில் ஆகும், மிதுனா மாதிரி வருமா என்று சொல்ல முடியாது என்று ஷிபானா ஒளிக்காமல் சொன்னாள். வேம்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கனிஷ்கா, நடுவில் வேம்பு, இந்தப் பக்கம் நான். பட்டுக்கோட்டை தாண்டும்வரை கனிஷ்கா சும்மா இருக்கவில்லை. "ஆ" என்பாள், காத்திருப்பாள். வேம்பு அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து "ஆ" என்பாள். மறுபடி இவள், மறுபடி அவள். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். முன் சீட்டுப் பெண்மணி பொறுக்க முடியாமல் திரும்பி, பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் வேம்பு. "பேசிக்கிட்டிருக்கோம்."